குழாயடிச் சண்டையும் கொள்கைப் போரும்

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை தபாலிலும் வாட்ஸ்அப்பிலும் வந்த கேள்விகளில் நிறைய ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. தேர்தல் பேச்சு ஆரம்பித்துவிட்டால் பேப்பரில், அதிலும் மாவட்டப் பக்கத்தில், பெண் வேட்பாளர்களைப் பற்றி எழுதுகிற தினுசு. எல்லாம் தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துக் கடிதங்கள். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டிருந்ததால் யார் பெயரையும் போடவில்லை, ஊர் மட்டும். நானும் இந்தப் பக்கத்தில்தான் பல வருஷம் நிருபராகவும் அப்புறம் செய்தியைத் திருத்தித் தலைப்புப் போடுகிற டெஸ்க்கிலும் குப்பை கொட்டியவன் என்பதால், பதில்களில் கொஞ்சம் குற்ற உணர்ச்சி தெரிந்தால் கண்டுகொள்ளாதீர்கள்.

கேள்வி: எங்கள் ஒன்றியத்தில் போட்டியிட்ட இரண்டு பேருமே பெண்கள். ஒருவர், 'ஒகேனக்கல் தண்ணீர் எங்கள் ஊருக்கு வாரத்தில் ஒரு நாள்தான் வருகிறது' என்றார். இன்னொருவர், 'அது பொய், மோட்டார் ரிப்பேர்தான் காரணம்' என்றார். மறுநாள் பேப்பரில் 'பெண் வேட்பாளர்கள் குழாயடிச் சண்டை' என்று தலைப்பு. எனக்குக் கோபம் வந்தது. வீட்டிலோ, 'தண்ணிக்குத்தானே சண்டை, சரியாத்தானே போட்டிருக்கான்' என்று சிரிக்கிறார்கள். – ஆசிரியை, பாலக்கோடு

பதில்: சிரித்தவர்களிடம் இரண்டு குடத்தைக் கொடுத்து ஒரு நாள் வரிசையில் நிற்கச் சொல்லுங்கள் அம்மா, மற்றதை அப்புறம் பேசலாம்.

அந்தத் தலைப்பைப் போட்டவருக்கு அன்று ராத்திரி எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். தண்ணீர் விஷயம், இரண்டு பெண்கள், 'குழாயடிச் சண்டை' என்ற ரெடிமேட் சொல், இரண்டு பத்தி அகலத்துக்குள் கச்சிதமாக உட்காருகிறது, வேறென்ன வேண்டும்? இதே பேச்சை இரண்டு ஆண்கள் பேசியிருந்தால் 'குடிநீர் பிரச்சினை: வேட்பாளர்கள் காரசாரம்' என்று வந்திருக்கும், கொஞ்சம் சத்தமாகப் பேசியிருந்தால் 'வார்த்தைப் போர்'. ஆண்கள் சண்டை போட்டால் போர்க்களத்திலிருந்து சொல் எடுப்பார்கள், பெண்கள் போட்டால் குழாயடியிலிருந்தும் அடுப்படியிலிருந்தும்.

ஆனால் இதில் எனக்கு உறைக்கிற விஷயம் வேறு. நம்ம ஊரில் குழாயடி என்பது சின்ன இடமா? பழுப்புக் கறை படிந்த பல்லோடு பள்ளிக்கு வருகிற பிள்ளைகளை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள், நாற்பது வயதிலேயே முழங்கால் மடங்காமல் தாங்கித் தாங்கி நடக்கிறவர்களையும் பார்க்கிறீர்கள். நிலத்தடி நீரில் இருக்கிற புளோரைடு செய்கிற வேலை. அதனால்தான் அந்தத் திட்டத்தின் பெயரே 'ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் புளோரோசிஸ் பாதிப்புக் குறைப்புத் திட்டம்' என்று ஒரு முழ நீளம். ஜப்பான் கடனுதவியோடு 1,928 கோடி ரூபாய், 2008இல் அடிக்கல், 2013இல் திறப்பு, இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்து. எந்த ஊருக்கு எந்தக் கிழமை எத்தனை மணி நேரம் தண்ணீர் வருகிறது என்பதைவிடப் பெரிய அரசியல் கேள்வி இந்த மாவட்டத்தில் ஒரு ஒன்றிய கவுன்சிலருக்கு என்ன இருக்கிறது? அந்த இரண்டு பேரும் பேசவேண்டியதைத்தான் பேசினார்கள். பேசியவர்கள் பெண்கள் என்பதால் அது சண்டையாகிவிட்டது, அதுவும் சிரிக்கிற மாதிரிச் சண்டை.

செய்தியில் இல்லாமல் போனது என்ன என்று பாருங்கள். தண்ணீர் நிஜமாகவே வாரத்தில் ஒரு நாள்தான் வருகிறதா, மோட்டார் எத்தனை நாளாக ரிப்பேர், அதைச் சரி செய்ய வேண்டியது ஊராட்சியா ஒன்றியமா குடிநீர் வாரியமா? பி.டி.ஓ. ஆபீசுக்கு ஒரு போன் போட்டிருந்தால் இரண்டு பேரில் யார் சொன்னது உண்மை என்று தெரிந்திருக்கும். தலைப்பு ருசியாக அமைந்துவிட்டதால் போன் போடத் தோன்றவில்லை.

கோபப்படுங்கள், எழுதுங்கள். ஆனால் பேப்பருக்கு எழுதும்போது 'பெண்களை இழிவுபடுத்திவிட்டீர்கள்' என்று தொடங்காமல், 'எங்கள் ஊருக்கு எந்தக் கிழமை தண்ணீர் வருகிறது என்பது உங்கள் செய்தியில் இல்லையே' என்று தொடங்குங்கள். முதல் வகைக் கடிதம் குப்பைக்குப் போகும், இரண்டாவது வகை நிருபர் கைக்குப் போகும். அனுபவத்தில் சொல்கிறேன்.

கேள்வி: எல்லாவற்றுக்கும் குறை சொன்னால் எப்படி? ஒரு பெண் வேட்பாளரைச் 'சிரித்த முகம்', 'எளிமையான தோற்றம்' என்று பாராட்டி எழுதினால் அதுவும் தப்பா? பாராட்டுத்தானே? – மளிகைக் கடை வைத்திருப்பவர், ஊத்தங்கரை

பதில்: உங்களை மாதிரித்தான் நானும் ரொம்ப காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அமெரிக்காவில் 2013இல் விமன்ஸ் மீடியா சென்டர் என்ற அமைப்பும் இன்னொரு அமைப்பும் சேர்ந்து ஒரு ஆய்வு நடத்தின. வாக்காளர்களிடம் ஒரு ஆண் வேட்பாளர், ஒரு பெண் வேட்பாளர் இருவரைப் பற்றியும் செய்தி கொடுத்தார்கள். சிலருக்கு மட்டும் அந்தப் பெண்ணின் தோற்றத்தைப் பற்றி ஓரிரு வரி சேர்த்தார்கள், ஒரு பகுதியினருக்குப் புகழ்ச்சியாக, ஒரு பகுதியினருக்கு இகழ்ச்சியாக, ஒரு பகுதியினருக்கு இரண்டும் இல்லாமல். மூன்றிலுமே அவருக்கு ஆதரவு குறைந்தது. புகழ்ந்தாலும் சரிவுதான். தோற்றத்தைப் பற்றி ஒரு வரி படித்ததும், இவருக்கு வேலை தெரியுமா என்கிற சந்தேகம் வந்துவிடுகிறது. 'இதெல்லாம் எதற்கு எழுதுகிறீர்கள்' என்று அவரே தட்டிக் கேட்டதாகச் செய்தி கொடுத்தபோதுதான் இழந்த ஆதரவு திரும்ப வந்தது.

சரி, அது அமெரிக்கா. என் கதையைச் சொல்கிறேன்.

2011 அக்டோபர், உள்ளாட்சித் தேர்தல். பென்னாகரம் பக்கம் ஒரு கிராமம், ஊராட்சித் தலைவருக்குப் போட்டியிட்ட ஒரு பெண். நான் டி.வி.எஸ். 50-ல் போய் இறங்கியபோது அவர் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தார். 'வாங்கண்ணா, டீ அப்புறம் குடிக்கலாம், மொதல்ல இதப் பாருங்க' என்று நேராக மேல்நிலைத் தொட்டிக்குக் கூட்டிப்போனார். இரும்பு ஏணியில் கீழிருந்து மூன்றாவது படி இல்லை. தொட்டி முப்பதாயிரம் லிட்டர். அதிலிருந்து போகிற ஒரே குழாய், பள்ளத்துத் தெருவுக்கு முதலில் போய்விட்டு அப்புறம் மேட்டுத் தெரு இரண்டுக்கும் ஏறவேண்டும், ஏறாது. நடுவில் ஒரு கேட் வால்வு போட்டு நேரம் பிரித்துவிட்டால் எல்லாருக்கும் வரும் என்றார். பிளம்பரிடம் கேட்டு, அதற்கு என்ன செலவு என்று ஒரு பள்ளி நோட்டுக் காகிதத்தில் எழுதி வைத்திருந்தார். அதை என்னிடம் கொடுக்கவும் செய்தார். நான் என் நோட்டுக்குள் மடித்து வைத்துக்கொண்டேன்.

நான் எழுதிய பெட்டிச் செய்தி எப்படித் தொடங்கியது தெரியுமா? 'மஞ்சள் சேலை, நெற்றியில் குங்குமம், முகத்தில் மாறாத புன்னகை. காலையில் கோலம், மதியம் பிரசாரம் என்று கலக்குகிறார்…' கேட் வால்வு இல்லை, மூன்றாவது படி இல்லை, மேட்டுத் தெரு இல்லை. பன்னிரண்டு சென்டிமீட்டர் இடம், அதில் பத்து சென்டிமீட்டர் சேலைக்கும் சிரிப்புக்கும் போனது. டெஸ்க்கில் பாராட்டினார்கள், 'நல்ல கலர் பீஸ்' என்று.

மறுநாள் காலை அவரிடமிருந்து போன். கோபமெல்லாம் இல்லை. 'அண்ணா, பேப்பர் பாத்தேன், ரொம்ப நன்றி. என் சேலை அரக்குங்க, மஞ்சள் இல்ல. அப்புறம் அந்த வால்வு விஷயத்தக் காணோமே?'

சேலை நிறத்தையாவது சரியாக எழுதியிருக்கலாம், அதுகூடப் பார்க்காமல் எழுதியது. ஏனென்றால் அந்த வரி அவரைப் பார்த்து எழுதியதே இல்லை, எந்தப் பெண் வேட்பாளருக்கும் போடலாம் என்று மண்டைக்குள் தயாராக இருந்த வரி. அந்தத் தெருவில் எதிர்த்தரப்பு ஆட்கள் அவரைக் 'கோலக்காரம்மா' என்று கேலி பேசிக்கொண்டு திரிந்ததை அடுத்த வாரம் என் காதாலேயே கேட்டேன். அந்தப் பட்டத்தை அவருக்குக் கொடுத்தது நான்தான். பாராட்டித்தான் கொடுத்தேன்.

கேள்வி: ஆண் வேட்பாளர் ஓட்டலுக்குள் புகுந்து புரோட்டா தட்டினால் 'அசத்தினார்' என்று படத்தோடு வருகிறது. பெண் வேட்பாளர் சமைத்தால்? – காவேரிப்பட்டணம்

பதில்: 'குடும்பப் பாங்கு' என்று வரும். அவர் சமைக்காமல் இருந்தால்தான் அது செய்தி, 'வீட்டில் யார் சமைக்கிறார்கள்?' என்று நிருபர் கேட்பார்.

கேள்வி: 2024 நாடாளுமன்றத் தேர்தலில் தர்மபுரியில் சௌமியா அன்புமணி நின்றபோது 'அன்புமணியின் மனைவி', கிருஷ்ணகிரியில் வித்யா ராணி நின்றபோது 'வீரப்பன் மகள்'. பெண்ணுக்குத் தனியாகப் பெயரே கிடையாதா? – கல்லூரி ஆசிரியர், கிருஷ்ணகிரி

பதில்: இதில் நான் உங்களோடு பாதி வழிதான் வருவேன்.

சௌமியாவின் கணவர் 2014இல் அதே தர்மபுரியில் ஜெயித்து, 2019இல் அங்கேயே தோற்றவர், அப்போது பா.ம.க.வின் தலைவர். அப்பா எம்.கிருஷ்ணசாமி காங்கிரஸ் எம்.பி.யாக இருந்தவர். சகோதரர் விஷ்ணு பிரசாத் அதே தேர்தலில் எதிர் அணியில், கடலூரில் காங்கிரஸ் வேட்பாளர். இவ்வளவும் அரசியல். இதை மறைத்து எழுதினால் வாசகரை ஏமாற்றுவதாகும். ஓசூரில் 2019 இடைத்தேர்தலும் அப்படித்தான். அமைச்சராக இருந்த பாலகிருஷ்ணா ரெட்டி ஒரு வழக்கில் தண்டனை பெற்றுப் பதவி இழந்தார், காலியான அந்த இடத்துக்கு அவர் மனைவி ஜோதியை அ.தி.மு.க. நிறுத்தியது. தேர்தல் வந்த காரணமே கணவர் என்றால் கணவரைச் சொல்லாமல் எப்படி எழுதுவது?

ஒரு தடவை சொல்லலாம், காரணத்தோடு சொல்லலாம். எனக்கு ஆகாதது, உறவைச் சொல்லிவிட்டு அதோடு கடையைக் கட்டுவது. சௌமியா அப்போது 'பசுமைத் தாயகம்' அமைப்பின் தலைவர், வருஷக்கணக்காகச் சுற்றுச்சூழல் பேசியவர். காவிரி உபரி நீரை ஏரிகளுக்குக் கொண்டுவருவது இந்த மாவட்டத்தின் பழைய கோரிக்கை. அதில் அவர் சொன்னது நடக்கிற காரியமா, செலவுக் கணக்கு என்ன என்று நோண்டி எழுதியிருந்தால் அவருக்கு ஓட்டுப் போட நினைத்தவருக்கும் உதவியிருக்கும், போட நினைக்காதவருக்கும் உதவியிருக்கும். கடைசியில் 21 ஆயிரத்துச் சொச்சம் வாக்கில் தி.மு.க.வின் மணியிடம் தோற்றார். அவ்வளவு நெருக்கமான போட்டிக்கு 'மருமகள் வீதி வீதியாக' என்கிற தினுசில் எத்தனை பக்கம் ஓடியது என்று நினைத்துப் பாருங்கள்.

வித்யா ராணி விஷயம் இன்னும் மோசம். வழக்கறிஞர் அவர். 2004 அக்டோபரில் பாப்பாரப்பட்டி பக்கத்தில் வீரப்பன் சுடப்பட்டபோது சின்னப் பெண். அந்தத் தகப்பனின் தொழிலுக்கும் இந்த மகளின் வேட்புமனுவுக்கும் என்ன சம்பந்தம்? அப்பா பெயரை அவர் கட்சியும்தான் பயன்படுத்தியது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு லட்சத்துக்கு மேல் வாக்கு வாங்கிய பிறகும் தலைப்பில் அவர் பெயர் வராமல் அப்பா பெயர் வந்தது என்றால், ஓட்டுப் போட்ட அந்த லட்சம் பேர் என்ன நினைத்துப் போட்டார்கள் என்பதை யாரும் விசாரிக்கவில்லை என்று அர்த்தம்.

கேள்வி: வேட்பாளர் அறிமுகத்தில் 'இல்லத்தரசி' என்று போடுகிறார்கள். அதில் என்ன தவறு? மரியாதையான சொல்தானே? – காரிமங்கலம்

பதில்: சொல் மரியாதையானதுதான். தகவல்தான் பொய்.

உங்கள் ஊர்ப்பக்கம் பட்டுப்புழு வளர்க்கிற வீடு ஒன்றுக்குப் போங்கள். மல்பெரி இலை வெட்டி வருவது, ராத்திரி எழுந்து இலை போடுவது, புழு தோலுரிக்கிற நேரம் பார்த்து இலையை நிறுத்துவது, படுக்கை சுத்தம் பண்ணுவது, பழுத்த புழுவைப் பொறுக்கித் தட்டில் விடுவது, எல்லாம் பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண்தான். கூடு கட்டியதும் மூட்டை கட்டித் தர்மபுரி பட்டுக்கூடு அங்காடிக்குக் கொண்டுபோய் ஏலத்தில் கையெழுத்துப் போடுபவர் கணவர். தேர்தலில் அவர் நின்றால் 'விவசாயி', மனைவி நின்றால் 'இல்லத்தரசி'. ஒரே கூடாரம், ஒரே புழு.

இதில் பேப்பரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. வேட்புமனுவோடு கொடுக்கிற பிரமாணப் பத்திரத்தில் தொழில் என்ற இடத்தில் பெண்களே 'இல்லத்தரசி' என்று எழுதிக் கொடுக்கிறார்கள், அல்லது மனு எழுதிக் கொடுக்கிற வக்கீல் கேட்காமலேயே எழுதிவிடுகிறார். நிருபர் அதைப் பார்த்து அப்படியே இறக்குகிறார். 'நீங்க என்னம்மா வேலை பாக்கறீங்க' என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். 'வீட்லதாங்க' என்று ஆரம்பித்து, பத்து நிமிஷத்தில் மாடு எத்தனை, சொசைட்டிக்கு எவ்வளவு பால் ஊற்றுகிறார், தக்காளி பறிக்க என்ன கூலி என்று எல்லாம் வந்துவிடும். உச்ச நீதிமன்றமே 2023 ஆகஸ்டில் நீதிபதிகளுக்கு ஒரு கையேடு போட்டு, தீர்ப்புகளில் தவிர்க்க வேண்டிய சொற்களைப் பட்டியலிட்டது. 'ஹவுஸ்வைஃப்' வேண்டாம், 'ஹோம்மேக்கர்' என்று எழுதுங்கள் என்பதும் அதில் உண்டு. நல்ல முயற்சிதான். ஆனால் நம்ம ஊர்ச் சிக்கல் சொல்லை மாற்றித் தீராது, அந்தம்மா பட்டு விவசாயி.

கேள்வி: எதிர்க்கட்சிக்காரருக்கு வளையல் அனுப்புவது, 'ஆம்பளையா இருந்தா வா' என்று சவால் விடுவது, இதையெல்லாம் பேப்பர்கள் ரசித்துத்தானே போடுகின்றன? – ஓசூர்

பதில்: வளையல் போட்ட கை நாற்று நடுகிறது, கிரானைட் தூக்குகிறது, ஓசூர் கம்பெனியில் ஷிப்டு பார்க்கிறது. அதை அவமானம் என்று நினைப்பவரைப் பற்றித்தான் செய்தி போட வேண்டும், வளையலைப் பற்றி இல்லை.

கேள்வி: ஜெயலலிதா பர்கூரில் ஜெயித்து முதல்வரானவர். அவர் மாதிரி ஒருவரையே பத்திரிகைகளால் ஒன்றும் செய்ய முடியவில்லையே. திறமை இருந்தால் இந்த எழுத்தெல்லாம் தூசு என்று சொல்லலாமா? – பர்கூர்

பதில்: உங்கள் ஊர்க்காரர் என்ற பெருமை தெரிகிறது. 1991இல் பர்கூர், காங்கேயம் இரண்டிலும் ஜெயித்து, பர்கூரை வைத்துக்கொண்டு முதல்வரானார். அப்போது அது தர்மபுரி மாவட்டம், கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தது 2004இல்தான். 1996இல் அதே பர்கூரில் தி.மு.க.வின் சுகவனத்திடம் எட்டாயிரத்துச் சொச்சம் வாக்கில் தோற்றார், முதல்வர் பதவியில் இருந்துகொண்டே. உங்கள் ஊருக்கு இரண்டு பெருமையும் உண்டு.

அவரை எழுத்து ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. ஆரம்பத்தில் 'நடிகை' என்ற சொல்லை எத்தனை ருசியோடு பயன்படுத்தினார்கள்! எம்.ஜி.ஆரையும் 'கூத்தாடி' என்றவர்கள் உண்டு, ஆனால் அவருக்கு அது சீக்கிரமே உதிர்ந்துவிட்டது. இவருக்கு அந்தச் சொல்லுக்குப் பின்னால் எப்போதும் ஒரு கண்சிமிட்டல் இருந்தது. அப்புறம் அதிகாரம் கைக்கு வந்ததும் ஒரேயடியாக 'அம்மா', 'இரும்புப் பெண்மணி'. ஒன்று அரை மனுஷி, இல்லை என்றால் தெய்வம். நடுவில் நிர்வாகம் செய்கிற ஒரு அரசியல்வாதி இருந்தார், அவரைப் பற்றிய எழுத்து குறைச்சல்.

அவர் வீட்டில் நடந்த 1996 டிசம்பர் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். என்ன ஞாபகம் இருக்கிறது? பத்தாயிரம் சேலை, 750 ஜோடி செருப்பு. யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். வழக்கு எவ்வளவுக்கு என்று கேளுங்கள், 66.65 கோடி என்று பத்துப் பேரில் ஒருவர் சொன்னால் அதிகம். அந்தத் தொகையில் கனமானது நிலங்களும் கட்டடங்களும் கம்பெனிகளும். நிலம் யார் பெயரில் எப்படி வாங்கப்பட்டது என்பதுதான் ஊழலின் கதை, சேலை அதன் ஓரத்துச் சரிகை. ஆனால் படம் எடுக்கச் சேலை வசதி. சொத்துக் குவிப்பு வழக்கில் மாட்டிய ஆண் அமைச்சர்களும் உண்டு, அவர்கள் வேட்டியை யாரும் எண்ணவில்லை. இதனால் நஷ்டம் ஜெயலலிதாவுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். ஒரு பெரிய ஊழல் வழக்கை நகைக்கடை வேடிக்கையாகப் பார்த்துப் பழகியதால் நமக்கும்தான்.

வெளிநாட்டிலும் இதே கதை. 2017 மார்ச்சில் பிரிட்டன் பிரதமர் தெரசா மேயும் ஸ்காட்லாந்து முதல்வர் நிக்கோலா ஸ்டர்ஜனும் சந்தித்தார்கள், நாடு ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலக முறைப்படி கடிதம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்னால். டெய்லி மெயில் முதல் பக்கத்தில், யாருடைய கால் அழகு என்று தலைப்புப் போட்டது.

கேள்வி: எங்கள் ஊராட்சியில் தலைவர் பெண். ஆனால் கையெழுத்து தவிர எல்லாம் அவர் வீட்டுக்காரர்தான். அதைப் 'பொம்மைத் தலைவர்' என்று எழுதினால் பெண்களுக்கு எதிரானது என்பீர்களா? – அரூர்

பதில்: எழுதுங்கள். ஆனால் சரியான ஆளைப் பற்றி எழுதுங்கள். தமிழ்நாட்டில் 2016இல் சட்டம் திருத்தி உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று ஆக்கினார்கள், 2019 டிசம்பரில் நம்ம இரண்டு மாவட்டத்திலும் நடந்த ஊரகத் தேர்தல் அந்தக் கணக்கில்தான். பதவி யாருக்குச் சட்டம் கொடுத்ததோ அவர் நாற்காலியில் சம்பந்தமில்லாத ஒருவர் உட்கார்ந்தால், உட்கார்ந்தவர்தான் செய்தி. நாம் எழுதுவதோ 'பொம்மை' என்று மனைவியைப் பற்றி, கணவரைப் பற்றி இல்லை. இன்னொரு பக்கம், ஊரில் ஏதாவது பிரச்சினை என்றால் நிருபர் முதலில் போன் போடுவது யாருக்கு? கணவருக்கு. விழாப் படத்தில் நடுவில் நிற்க வைப்பது யாரை? கணவரை. அப்புறம் 'தலைவர் கணவர் ஆதிக்கம்' என்று நாமே கட்டுரையும் எழுதுவோம். அடுத்த முறை அந்தத் தலைவர் நம்பருக்கே போடுங்கள். கணவர் எடுத்தால், 'தலைவர்கிட்டக் குடுங்க' என்று சொல்லிவிட்டுக் காத்திருங்கள். நாலு முறை செய்தால் ஐந்தாவது முறை அவரே எடுப்பார், பார்த்திருக்கிறேன்.

கேள்வி: இதழியல் படிக்கிறேன். ஒரு கட்டுரை எழுதியதும் அதில் இந்தக் கோளாறு இருக்கிறதா என்று கண்டுபிடிக்க எளிய வழி ஏதாவது உண்டா? – மாணவி, தர்மபுரி

பதில்: இருக்கிறது தங்கச்சி. அறிவியல் எழுதுபவர்கள் கண்டுபிடித்தது, அரசியலுக்கும் பொருந்தும். ஆன் ஃபிங்க்பைனர் என்ற அமெரிக்க அறிவியல் எழுத்தாளர், ஒரு பெண் விஞ்ஞானியைப் பற்றி எழுதும்போது இதையெல்லாம் எழுதப்போவதில்லை என்று தனக்குத் தானே ஒரு கட்டுப்பாடு போட்டுக்கொண்டார். அவர் பெண் என்பது, கணவர் என்ன வேலை, பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள், 'முதல் பெண்' என்ற பட்டம், இந்த மாதிரி. 2013 மார்ச்சில் இன்னொரு எழுத்தாளர் அதை 'ஃபிங்க்பைனர் சோதனை' என்று பெயர் வைத்துப் பரப்பினார். அதே மாதம்தான் ஈவான் பிரில் இறந்தார். செயற்கைக்கோள் தன் பாதையிலிருந்து விலகாமல் இருக்க உதவும் உந்துகருவியைக் கண்டுபிடித்த ராக்கெட் விஞ்ஞானி. நியூயார்க் டைம்ஸ் அஞ்சலிக் குறிப்பை அவர் வைக்கிற மாட்டிறைச்சிக் குழம்பிலிருந்து தொடங்கியது, ராக்கெட் அப்புறம்தான். எல்லாரும் திட்டிய பிறகு முதல் வரியை மாற்றினார்கள்.

நம்ம ஊருக்கு நான் வைத்திருக்கிற முறை இன்னும் சின்னது. எழுதி முடித்ததும் வேட்பாளர் பெயரை அடித்துவிட்டு ஒரு ஆண் பெயரைப் போட்டு வாய்விட்டுப் படி. 'மாறாத புன்னகையோடு, நீல வேட்டியில், இரண்டு குழந்தைகளுக்குத் தந்தையான இவர், வீட்டு வேலைகளை முடித்துவிட்டுப் பிரசாரத்துக்குக் கிளம்புகிறார்' என்று சிரிப்பு வந்தால் அந்த வரியை எடு. எடுத்த இடம் காலியாக இருக்குமே, அங்கேதான் வேலை. தொகுதிக்கு அவர் என்ன சொன்னார், போன முறை என்ன செய்தார், எது நடக்காது என்று போட வேண்டும். அதற்கு இன்னொரு முறை போய்ப் பார்க்க வேண்டியிருக்கும், பஸ் காசு ஆகும். உரிச்சொல்லுக்குப் பஸ் காசு ஆகாது, அதனால்தான் அது இவ்வளவு புழக்கத்தில் இருக்கிறது.

அப்புறம் ஒன்று, நம்ம தகடூர்க்காரர்களுக்கு (தகடூர் தர்மபுரியின் பழைய பெயர்) இதில் முன்மாதிரி உண்டு. அதியமானுக்காக ஔவை தொண்டைமானிடம் தூது போனதைப் பாடிய பாட்டில் சேலையும் இல்லை, சிரிப்பும் இல்லை. தொண்டைமான் ஆயுதங்கள் நெய் பூசி மயில்பீலி சூட்டி மாளிகையில் பத்திரமாக இருக்கின்றன, எங்கள் ஆள் வேலெல்லாம் நுனி உடைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன, அவ்வளவுதான். சாதாரணப் பாராட்டு மாதிரி ஒரு மிரட்டல். அந்தக் காலத்தில் மாவட்டப் பக்கம் இல்லாதது ஔவையின் அதிர்ஷ்டம்.

கேள்வி: உபதேசம் எல்லாம் சரி. போன மாதம் இதே பத்தியில் மாங்காய் விலை பற்றிய கூட்டத்தைச் சொல்லும்போது, அதில் பேசிய பெண் கவுன்சிலரைச் 'சுறுசுறுப்பான சகோதரி' என்று எழுதியது யார்? அவர் என்ன பேசினார் என்று ஒரு வரிகூட இல்லையே? – போச்சம்பள்ளி

பதில்: நான்தான். கத்தரித்து ஒட்டி அனுப்பியிருக்கிறீர்கள், 'சுறுசுறுப்பான'வுக்குக் கீழே சிவப்பு மையில் கோடு வேறு.

நோட்டை எடுத்துப் பார்த்தேன், அவர் பேசியது இருக்கிறது. மாங்கூழ் ஆலைகள் சீசன் தொடக்கத்தில் விலையை அறிவிக்காமலேயே பெங்களூரா ரக மாங்காயை வாங்கிப் போடுகின்றன, லாரி வாசலில் நின்ற பிறகுதான் விலை சொல்கிறார்கள், காய் பழுத்துவிடும் என்ற பயத்தில் விவசாயி சொன்ன விலைக்குக் கொட்டிவிட்டு வருகிறார். மரத்தில் காய் இருக்கும்போதே கலெக்டர் முன்னிலையில் விலையை எழுத்தில் வாங்க வேண்டும், லாரி காத்திருக்கும் நாளுக்கு ஆலை வாடகை தர வேண்டும். இதுதான் அவர் கேட்டது. போன மாதமே வந்திருக்க வேண்டியது.